கோட்டுக்குக் கீழே

ஆசகெல் ப்ரூக்கும் ஜேபெஸ் ஹாலட்டும் பேச்சை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கடிதத்தை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முதலில் நிறுத்தியது யார் என்று ஊர் கேட்கும். அதில் தோற்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

எனக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. கடலோரத்து எங்கள் ஹார்ட்வெல் துறைக்கு வரும் தபால் பை என் விடுதிக் கூடத்தில்தான் இறங்கும். என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோன பிறகு விடுதியும் தபாலும் என் தலையில் விழுந்தன. பதினெட்டு வருஷமாக இந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் கையில் வாங்கியிருக்கிறேன். பாதிரியாருக்கு யார் எழுதுகிறார்கள், யார் எழுதுவதில்லை என்பது அவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆசகெல் எங்கள் மாவட்டத்துக்காக வாஷிங்டனில் கூடும் அமெரிக்கக் காங்கிரஸ் சபையின் உறுப்பினர். ஜனாதிபதி கட்சி. ஜேபெஸ் கப்பல் கட்டுகிறவன். எதிர்க்கட்சி. சிறு வயதில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம். வாத்தியார் தொப்பிக்குள் உயிர் நண்டை விட்டது இந்த இரண்டு பேரில் ஒருவன். எவன் என்று நாற்பது வருஷமாக எவனும் மற்றவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் பிரம்படி வாங்கினார்கள்.

அப்படிப்பட்டவர்களைப் பிரித்தது கப்பல் தடைச் சட்டம். இங்கிலாந்தும் பிரான்சும் நம் கப்பல்களைப் பிடித்துத் தொல்லை கொடுக்கின்றன, அதனால் நம் கப்பல் எதுவும் எந்த நாட்டுக்கும் போகக் கூடாது என்று வாஷிங்டனில் சட்டம் போட்டார்கள். ஆசகெல் அதற்கு ஆதரவாக வாக்களித்தான். ஜேபெஸின் பட்டறையில் பாதி கட்டிய கப்பல் ஒன்று பலகை வெடித்து நின்றது. வசந்தத்தில் ஆசகெல் ஊர் திரும்பிய அன்று, சபைக் கூடத்து வாசலில் ஜேபெஸ் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஒருத்தன் அங்க கைய தூக்குன. இங்க என் ஆளுங்க நாப்பது பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"இன்னும் ஆறே மாசம் பொறுடா. இங்கிலாந்துக்காரன் தானா வந்து கால்ல விழுவான்."

"எவன் கால்ல? என் காலுக்கு ஷூ வாங்கவே வழியில்ல!"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு வீடும் எதிரெதிர். நடுவில் ஒரே ஒரு சாலை. அந்தக் கோடை முழுக்க ஜேபெஸ் வீட்டிலிருந்து ஆசகெல் வீட்டுக்குக் கடிதம் என் விடுதி வழியாகச் சுற்றிப் போனது. காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினால் தபால் கூலி கிடையாது. 'உன்னை நான் திட்டுவதை உன் அரசாங்கமே சுமந்துகொண்டு வருகிறது. உன் கட்சி செய்த ஒரே நல்ல காரியம் இதுதான்' என்று ஜேபெஸ் ஒரு கடிதத்தில் எழுதினான்.

ஆசகெல்லின் கடிதங்களுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. காங்கிரஸ் உறுப்பினர் எழுதினால் அது பாதி ஊர்ச் சொத்து. தபால் நாளில் கூடம் நிறைந்துவிடும். ஆப்பிள் மதுக் குவளையோடு எல்லாரும் உட்கார, முத்திரையை உடைத்து நான் சத்தமாக வாசிப்பேன். எனக்கு நல்ல குரல், பாதிரியாரே பொறாமைப்படுவார். ஆனால் தாளின் நடுவே ஆசகெல் ஒரு கோடு போட்டிருப்பான். கோட்டுக்கு மேலே ஊருக்கு. கோட்டுக்குக் கீழே ஜேபெஸுக்கு மட்டும். கோடு வந்ததும் நிறுத்துவேன், கத்தரிக்கோலால் வெட்டுவேன், கீழ்த்துண்டை மடித்து ஜேபெஸிடம் கொடுப்பேன். இந்த ஊரில் பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கி அடுப்பெரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோட்டுக்குக் கீழே என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் மாடுதான். அதை ஜேபெஸே ஊருக்குச் சொல்லிவிடுவான்.

ஆசகெல் மனைவியை இழந்தவன். வாஷிங்டன் போகும்போதெல்லாம் தன் மாடு ஜூனோவை ஜேபெஸ் தொழுவத்தில் விட்டுப் போவான். அந்த அக்டோபரில் பேச்சு இல்லையே, என்ன செய்வான்? விடியற்காலையில் மாட்டைக் கொண்டுபோய் ஜேபெஸ் வீட்டு வாசல் கம்பத்தில் கட்டி, கொம்பில் ஒரு கடிதத்தையும் கட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டான். 'சிநேகிதா, நாட்டுக்கு நீ எதிரி. மாட்டுக்கு இல்லை என்று நம்புகிறேன். இவள் சினையாக இருக்கிறாள், நன்றாகப் பார்த்துக்கொள்.'

ஜேபெஸ் அன்றைக்கே பதில் எழுதினான். 'இவள் சினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வயதாகி மலடு தட்டிவிட்டது. உன் கட்சியைப் போலவே தின்கிறாள், எதையும் கொடுப்பதில்லை. கசாப்புக் கடைக்கு அனுப்பச் சம்மதம் சொல்லு.'

'என் மாட்டையும் என் கட்சியையும் எனக்குத் தெரியும். தொட்டால் தெரியும் சேதி' என்று வந்தது மறுபதில். இப்படியே குளிர்காலம் வந்துவிட்டது.

நடுவில் தேர்தல். ஆசகெல்லை எதிர்த்து நிற்க எதிர்க்கட்சியினர் ஆள் தேடினார்கள். ஜேபெஸைப் பிடித்தார்கள். அவனும் நின்றான். உண்மையைச் சொல்லட்டுமா, அந்த நாற்காலி மேல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். நவம்பரில் இரண்டு பேருக்கும் சரிபாதிக்குப் பக்கத்தில் விழுந்தது. சில பேர் வேறு பெயர் எழுதிப் போட்டதில் எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. எங்கள் மாநிலத்தில் பாதியைத் தாண்டினால்தான் ஜெயம். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை மறுவாக்கெடுப்பு என்று முடிவானது. மற்ற ஊர்கள் எப்படியும் இரண்டாகப் பிரியும், எங்கள் துறைதான் தீர்மானிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் திங்களுக்கு முந்தின புதன்கிழமை கடிதம் வந்தது.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் சாடக் ரீவ். எங்கள் வாரப் பத்திரிகையை அச்சடிக்கிறவன், எதிர்க்கட்சிக்காரன், முப்பது வயது, மூக்கு நீளம். அடுத்தவர் கடிதம் கையில் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைகூட அச்சடிப்பான். கணப்புக்குப் பக்கத்தில் ஜேபெஸ், ஒன்றும் அக்கறை இல்லாதவனைப் போல் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசித்தேன். வழக்கமான சங்கதிதான். வாஷிங்டனில் முழங்கால் அளவு சேறு, தங்கும் விடுதியில் ஆட்டுக்கறி செருப்புத் தோல், ஒரே அறையில் மூன்று உறுப்பினர்கள், மூன்று பேரும் குறட்டை. கப்பல் தடையைப் பற்றி நாலு வரி, வழவழ கொழகொழ. முன்பக்கம் முடிந்தது. கோடு இல்லை. கோடு இல்லையென்றால் ஊருக்கு இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தாளைத் திருப்பினேன், திருப்பிய வேகத்திலேயே வாசித்தேன்.

"ஜேபெஸ், நீ சொன்னதுதான் சரி."

என் கண் அடுத்த வரிகளுக்குப் போயிருந்தது.

'இந்தத் தடை எவனையும் பணிய வைக்கவில்லை. நம்மைத்தான் பட்டினி போட்டது. நான் வாக்களித்தது தவறு. அடுத்த மாதம் இதை நீக்க வாக்களிக்கப் போகிறேன். என்னோடு என் கட்சியில் இன்னும் ஆறு பேர். இப்போதே வெளியே தெரிந்தால் அவர்களை மிரட்டிப் பிரித்துவிடுவார்கள், காரியம் கெட்டுவிடும். அதுவரை வாயைத் திறக்காதே. இதனால் நான் தேர்தலில் தோற்றால் தோற்றுப்போகிறேன். இதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.'

கோடு போட மறந்து பக்கத்தைத் திருப்பி எழுதியிருக்கிறான், மடையன்! பக்கம் திரும்பினால் போதும் என்று நினைத்துவிட்டான்.

"ம், மேல படிங்க அக்கா" என்றான் சாடக். அவன் மூக்கு இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. "எதுல சரியாம்?"

"மாட்டு விஷயத்துல" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. வந்துவிட்டது, இனி விட முடியாது. தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிக்கிற குரலிலேயே சொன்னேன். "'ஜூனோ சினை இல்லை. வயதாகிவிட்டது. நான் வீண் பிடிவாதம் பிடித்தேன். என்னை மன்னித்துவிடு. இப்படிக்கு ஆசகெல்.' அவ்வளவுதான்."

கூடம் சிரித்தது. மேசையைத் தட்டினார்கள். ஆசகெல் ப்ரூக் ஒரு விஷயத்தில் இறங்கி வந்தான் என்பதே அவர்களுக்குத் திருவிழா. ஜேபெஸ் எழுந்து வந்தான், பல்லெல்லாம் தெரிய.

"குடு குடு, என் கண்ணால பாக்கணும் இத."

கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தான். பல் மெல்ல மறைந்தது. என்னைப் பார்த்தான். நான் மதுப் பீப்பாயைப் பார்த்தேன். தாளை நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, "ஆமா, மாடுதான்" என்று ஒரு கமறல் கமறிவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை கசாப்புக்காரன் பெலெக் கத்தியோடு ஜேபெஸ் தொழுவத்துக்கே போய்விட்டான். பிறகு என்னிடம் வந்து புலம்பினான்.

"சொந்தக்காரரே மலடுன்னு ஒத்துக்கிட்டாரு. ஊரே கேட்டுச்சு. குளிர்ல அறுத்தா உப்புப் போட வசதி. இவரு தொழுவத்து வாசல்ல கைய விரிச்சு நிக்கிறாரும்மா! 'முதலாளி, நீங்கதானே அறுக்கணும் அறுக்கணும்னு குதிச்சீங்க'ன்னேன். 'மனசு மாறிட்டேன், போடா'ங்கிறாரு. தேர்தல்ல நின்னா புத்தி இப்படி ஆயிடுமா?"

"சில பேருக்கு நிக்கிறதுக்கு முன்னாடியே ஆயிடும்" என்றேன்.

அன்று மத்தியானம் கூடத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஜேபெஸ் வந்தான். தபால் மேசை முன்னால் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"ஏன் கெசாயா, வேற ஒண்ணும் தோணலையா உனக்கு? மாடுதானா கெடச்சுது?"

"அங்க நின்னு நீ யோசிச்சுப் பாரு, அரை மூச்சு நேரத்துல. அடுத்த தடவ யானைன்னு சொல்றேன்."

"சினை இல்லாத மாட்டுக்கு இன்னும் எத்தன மாசம் வைக்கோல் போடுறது?"

"சினேகிதன் திரும்பி வர்ற வரைக்கும் போடு."

அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். "ஒன்பது மாசமா இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கெடந்தேன். 'நீ சொன்னதுதான் சரி.' இது வந்தா சபைக் கூடத்து மணிய அடிச்சு ஊரக் கூட்டணும்னு இருந்தேன். இப்ப வந்திடுச்சு. என் பையிலயே இருக்கு. பொண்டாட்டிகிட்டகூட சொல்ல முடியல."

"மாட்டுக்கிட்ட சொல்லு. அது காட்டிக்குடுக்காது."

"விளையாடாத. திங்கக்கிழம என்ன ஆகும்னு பாரு. தடைக்குக் கைதூக்குனவன்னு ஊரே அவன் மேல கடுப்புல இருக்கு. நான் வாய மூடிக்கிட்டு உக்காந்தா போதும், ஜெயிச்சிடுவேன். தடைய ஒடைக்கப் போறவனையே தடைக்காரன்னு சொல்லித் தோக்கடிச்சு, அந்த நாற்காலியில நான் உக்காரணும். வாயத் திறந்தா அவன் ஜெயிப்பான். ஆனா அந்த ஆறு பேர் ஓடிப்போவாங்க, தடை நீங்காது. அவன் என்னை நம்பி எழுதுனதும் போச்சு."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியலயே. அந்த நண்டுக்கே அவன் என்னைக் காட்டிக்குடுக்கல."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. "அடப்பாவி, நண்டு விட்டது நீயா?"

"அது இப்ப ரொம்ப முக்கியமா?" என்று எழுந்து போய்விட்டான். எனக்கு முக்கியம்தான். நாற்பது வருஷமாக ஆசகெல் என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாடக் வந்தான். தாளைப் பற்றி என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டான். ஒரு பக்கம் முழுக்க மாட்டைப் பற்றியா எழுதுவார்கள் என்றான். உன் பத்திரிகையில் நாலு பக்கமும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். அதன் பிறகு ஜேபெஸ் வீட்டுக்கும் போயிருக்கிறான். ஜேபெஸ் கதவைத் திறக்கவில்லையாம். தொழுவத்திலிருந்து யாரோ எதையோ சத்தமாக வாசிக்கும் குரல் கேட்டதாம்.

திங்கட்கிழமை சபைக் கூடம். கணப்பு கிடையாது. பேசுகிறவர் வாயிலிருந்து புகை வரும் குளிர். பெண்களுக்கு வாக்கு இல்லை, மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். காலடியில் தணல் போட்ட சின்னப் பெட்டியோடு நான் முதல் வரிசையில் இருந்தேன். ஊருடைய ரகசியம் மொத்தமும் என்னிடம், ஓட்டு மட்டும் அந்தப் பெலெக்கிடம். என்ன ஏற்பாடோ!

எங்கள் பக்கத்தில் வேட்பாளர் தனக்காக வாய் திறந்து ஓட்டுக் கேட்பது அசிங்கம். மற்றவர்கள் பேசுவார்கள், அவர் கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாடக் ஜேபெஸுக்காக முக்கால் மணி நேரம் பேசினான். ஆசகெல்லுக்காகப் பேச எழுந்த ஆள் நாலு வார்த்தையில் நடுங்கி உட்கார்ந்தான். "வேற யாரும் பேசணுமா?" என்றார் தலைவர்.

ஜேபெஸ் எழுந்தான்.

"ஐயா, உக்காருங்க!" சாடக் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். "நிக்கிறவரு பேசக் கூடாது."

"எனக்காகப் பேசக் கூடாது. இன்னொருத்தனுக்காகப் பேசக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" கோட்டை விடுவித்துக்கொண்டான். "நான் ஆசகெல்லுக்கு ஓட்டுப் போடப் போறேன். நீங்களும் போடுங்க."

பின்னாலிருந்து யாரோ, "காய்ச்சலா முதலாளி?" என்றார்கள்.

"காய்ச்சல் இல்ல. காரணம் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். புதன்கிழம நீங்க எல்லாரும் கேட்டீங்க. மாட்டு விஷயத்துல 'நீ சொன்னதுதான் சரி'ன்னு அவன் எனக்கு எழுதியிருந்தான். நாப்பது வருஷத்துல அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. தப்புன்னு தெரிஞ்சா ஒத்துக்கிற ஆளு அவன். மாட்டுக்கே ஒத்துக்கிட்டவன் மத்ததுக்கும் ஒத்துக்குவான். அவன அங்கயே இருக்க விடுங்க. அவ்வளவுதான்."

கூடம் அதிரச் சிரித்தது. ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். உண்மையை ஊருக்கு நடுவில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தைகூட வெளியே விடாமல் உட்கார்ந்திருந்தான் அந்தக் கப்பல்காரன். எனக்கு அவன் மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்கு ஆனது, நண்டைக் கழித்த பிறகும்.

சீட்டுகளை எண்ணினார்கள். ஜேபெஸ் ஐம்பத்தாறு ஓட்டில் ஜெயித்தான்.

எங்கள் ஊர்க் குணம் அப்படி. தனக்குக் கேட்கிறவனைக் கண்டால் பிடிக்காது. எதிரிக்குக் கேட்டவனைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டார்கள். முதல் தடவை ஆசகெல்லுக்குப் போட்ட கிழவர்கள்கூட, இவ்வளவு பெரிய மனசுக்காரனை விடலாமா என்று மாற்றிப் போட்டிருந்தார்கள். எல்லாரும் கை கொடுக்க வர, ஜேபெஸ் பெஞ்சில் இருந்து எழவே இல்லை.

"இது அநியாயம்" என்றான். அதையும் அடக்கம் என்று சொல்லிப் புகழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குக் கஷ்ட காலம். சாடக் அந்தப் பேச்சை முதல் பக்கத்தில் போட்டான், மாடு உட்பட. அந்தப் பத்திரிகை வாஷிங்டனுக்குப் போகும். ஜேபெஸ் என் மேசையில் உட்கார்ந்து ஏழு தாளைக் கிழித்துவிட்டு, எட்டாவதில் எழுதினான். 'ஆசகெல், ஜெயித்துவிட்டேன். உனக்காகத்தான் பேசினேன். மன்னித்துவிடு.'

பதில் வரவில்லை. பத்து நாள் போக, பத்து நாள் வர. இருபத்தைந்தாவது நாளும் வரவில்லை. தபால் நாளெல்லாம் ஜேபெஸ் முதல் ஆளாக வந்து நிற்பான்.

"இல்லையா?"

"இல்ல."

"பைய நல்லா உதறிப் பாத்தியா?"

"பைக்குள்ள தலைய விட்டே பாத்தேன், ஜேபெஸ்."

"நான் தந்திரம் பண்ணி ஜெயிச்சேன்னு நெனச்சிருப்பான். அவன் வார்த்தையையே எடுத்து அவனையே அடிச்சுட்டேன்னு நெனச்சிருப்பான்." அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆசை ஆசையாகக் கேட்ட நாற்காலி கிடைத்து இப்படி இளைத்துப்போன ஆளை நான் பார்த்ததில்லை.

மார்ச்சில் சேதி வந்தது. தடை நீங்கிவிட்டது. ஆசகெல்லும் அவன் கட்சியில் ஆறு பேரும் சேர்ந்து மாற்றி வாக்களித்திருந்தார்கள். துறையில் மணி அடித்தார்கள். பட்டறையில் நாற்பது பேரும் சுத்தியல் எடுத்தார்கள். சாடக் மட்டும் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து வெகு நேரம் நின்றான்.

"அக்கா... அந்த மாடு..."

"மாடு நல்லா இருக்கு தம்பி" என்றேன்.

மாதக் கடைசியில் ஒரு தபால் நாளில், தபால் வண்டியிலிருந்து ஆசகெல்லே இறங்கினான். முழங்கால் வரை சேறு. கூடம் நிறைந்திருந்தது. ஜேபெஸ் கணப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்து நின்றான். ஆசகெல் நேராக அவனிடம் போய், கசங்கிய பத்திரிகையை மேசையில் எறிந்தான்.

"என்னடா இது?"

"ஆசகெல், நான் உனக்காகத்தான்..."

"நீ ஜெயிச்சது கெடக்கட்டும். அது ஊர் விருப்பம். ஜூனோ மலடுன்னு நான் எப்படா ஒத்துக்கிட்டேன்? எப்ப எழுதினேன்? எந்தத் தாள்ல? வாஷிங்டன்ல சாப்பாட்டு மேசையில ஒவ்வொருத்தனும் 'மாடு எப்படி ப்ரூக், மாடு எப்படி'ங்கிறான்! ஒரு பொய்யச் சொல்றவன் வேற எதையாவது சொல்லக் கூடாதா? இதக் கடுதாசில கேக்கக் கூடாது, நேர்ல பிடிச்சுக் கேக்கணும்னுதான் பதிலே போடல!"

ஜேபெஸ் என்னைப் பார்த்தான். ஊரே என்னைப் பார்த்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"நான்தான் சொன்னேன். நீ கோடு போட மறந்துட்ட, ஆசகெல். முதல் வரிய ஊருக்கே வாசிச்சுட்டேன். அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தொப்பியைக் கழற்றினான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"அப்ப நீ..." ஜேபெஸிடம் திரும்பினான். "நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாதேன்னு எழுதியிருந்தியே."

"ஒருத்தர்கிட்டயும்?"

"மாட்டுக்கிட்ட சொன்னேன். தினம் வாசிச்சுக் காட்டினேன்." ஜேபெஸ் உள்பையைத் தட்டிக் காட்டினான். "உனக்கு ஓட்டுக் கேட்டேன்டா. ஒரு பயலும் கேக்கல."

ஆசகெல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் மதுவை ஊற்றுகிறேன் என்று தரையில் ஊற்றினேன். பிறகு ஆசகெல் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, சபையில் பேசுகிற குரலில் சொன்னான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கப்பல் தடை விஷயத்துல ஜேபெஸ் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. மாட்டு விஷயத்துல நான் எதையும் ஒத்துக்கல, ஒத்துக்கவும் மாட்டேன்."

அன்று மாலை இரண்டு பேரும் சாலையில் நின்று மாட்டைப் பற்றிச் சண்டை போட்டது கடைசி வீடு வரை கேட்டது. பதினோரு மாதப் பாக்கி அது.

மே மாதக் கடைசியில் புதுக் காங்கிரஸ் கூட இருந்தது. ஜேபெஸ் வண்டி ஏறினான். அவன் போன பதினோராம் நாள் ஜூனோ கன்று போட்டது. ஆசகெல் என் மேசைக்கு ஓடி வந்து எழுதிய கடிதம் இவ்வளவுதான்: 'கன்று. பெண். நெற்றியில் வெள்ளை. ஹாலட் என்று பெயர் வைக்கிறேன், உனக்கு ஆட்சேபம் இருந்தால் காங்கிரஸில் எழுப்பு.'

ஜூன் பாதியில் ஜேபெஸின் பதில் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. ஊருக்கு நான் வாசித்தேன். சேறு காய்ந்து புழுதி ஆகிவிட்டதாம், ஆட்டுக்கறி ஆசகெல் சொன்னதைவிட மோசமாம். தாளின் நடுவே ஒரு கோடு, மை ஊறி மறுபக்கம் தெரிகிற அளவுக்குத் தடியாக. நிறுத்தினேன். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டாத" என்றான் ஆசகெல். "வாசி."

"கோட்டுக்குக் கீழ உனக்கு மட்டும்."

"எனக்குத்தானே? நான்தானே சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும், வாசி."

இந்தப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டி வாசித்தேன்.

"'ஆசகெல், மாட்டு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி.'"

கூடம் மேசையைத் தட்டியது. பெலெக் குவளையைத் தூக்கினான். சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன், ஏனென்றால் இன்னும் நாலு வரி இருந்தது.

"'உன் பழைய அறையில்தான் தங்கியிருக்கிறேன். நீ எனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய மேசை இதுதானாம். என் கட்சிக்காரர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னால் கோபிப்பார்கள். நீ அன்றைக்கு எப்படி எழுதியிருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது. தெரியாமல் உன்னை நிறையப் பேசிவிட்டேன். எனக்கு இங்கே சொல்ல ஆள் இல்லை. மாடுகூட இல்லை.'"

யாரும் மேசையைத் தட்டவில்லை. ஆசகெல் என் கையிலிருந்து தாளை வாங்கி, தானும் ஒரு தடவை படித்தான். பிறகு தபால் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தாள் குடு, கெசாயா."

"சின்னதா, பெரிசா?"

"இருக்கிறதுலயே பெரிசு."

கொடுத்தேன். மையைத் தொட்டான். மேலே தேதியைப் போட்டு, கோடு எதுவும் போடாமல் எழுத ஆரம்பித்தான்.